மங்கலம் ரோட்டு பஞ்சிங் மெஷின்

காங்கேயம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய ஃபயர்வால் ஸ்கிரிப்டையும் அதற்குக் கீழே எழுதியிருந்த புலம்பலையும் படித்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை எடுக்கிற இடம் ஓவர்லாக் மெஷின்களுக்கு நடுவே. நான் 'ஃபார்வர்ட்' என்றால் உனக்கு 'பார்சல்' என்று கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். அச்செடுத்து, யூனிட்டில் அந்த ஸ்கிரிப்ட் ஓடுகிற லினக்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வை. உனக்குப் பிறகு அங்கே வந்து உட்காருகிறவருக்கும் ஆகும்.

நேற்று நீ வீடு வந்து சேர ராத்திரி பதினொன்று தாண்டிவிட்டதாக உங்கம்மா சொன்னாள். மங்கலம் ரோடு யூனிட்டின் வருகைப் பஞ்ச் ஒன்றுகூட அவிநாசி ரோடு ஆபீசுக்கு வரவில்லையாம். டைம் ஆபீஸ் பையன் பதிவேட்டைப் பார்த்துக் கையால் சம்பளம் போட்டானாம். யாருக்கு ஒரு ஷிப்ட், யாருக்கு ஒன்றரை ஷிப்ட் என்று கான்ட்ராக்டர்களோடு வாய்ச்சண்டை வேறு. சனிக்கிழமைச் சம்பளம் தள்ளிப்போனால் திருப்பூரில் யாரும் காரணம் கேட்பதில்லை, கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் எங்கே என்றுதான் கேட்பார்கள். அந்த ஆள் இப்போது நீ.

முதலில், ஸ்கிரிப்டைத் திருத்துவதை நிறுத்து. ஒவ்வொரு முறையும் ஒரு வரியை மாற்றி, ஓட்டி, ஆகவில்லை என்றதும் அடுத்த வரியை மாற்றியிருக்கிறாய். இப்படிச் செய்தால் எது பழைய கோளாறு, எது நீ புதிதாகச் சேர்த்தது என்று உனக்கே தெரியாமல் போகும். பழைய பிரதியை எடுத்து அப்படியே திரும்பப் போடு.

அதில் குறைந்தது மூன்று பேருடைய கை தெரிகிறது. முதல் ஆள் பழைய காலத்துக்காரர். பஞ்சிங் மெஷினின் போர்ட்டான 4370-க்கு இன்புட் செயினில் அனுமதி எழுதியிருக்கிறாரே, அதைப் பார்த்து நீ சிரித்திருந்தாய். விவரமில்லாமல் எழுதியதில்லை, அவர் படித்த காலம் அது. 1999-இல் வந்த 2.2 கெர்னலில் ஐபிசெயின்ஸ் இருந்தது. பெட்டியைக் கடந்து போகிற பாக்கெட்கூட அதில் இன்புட், ஃபார்வர்ட், அவுட்புட் என்று மூன்றையும் தொட்டுத்தான் போகும். அதை எழுதிய ஆஸ்திரேலியர் ரஸ்டி ரஸ்ஸல்தான் பிறகு நெட்ஃபில்டரை ஆரம்பித்தார். 2001 ஜனவரியில் 2.4 கெர்னலோடு ஐபிடேபிள்ஸ் வந்தபோது, கடந்து போகிற பாக்கெட்டுக்கு ஃபார்வர்ட் செயின் மட்டும் என்று ஆனது. கை பழகியவர்கள் இன்புட்டில் எழுதுவதை விடவில்லை. அந்த வரியால் உனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, கிடக்கட்டும். இரண்டாவது ஆள் ஈத்0 என்று இருந்ததை எல்லாம் பிபிபி0 என்று மாற்றியிருக்கிறார். பிராட்பேண்டை பெட்டியிலிருந்தே டயல் செய்ய ஆரம்பித்த சமயமாக இருக்கும். மூன்றாமவர் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார். பாதி வரிகள் அந்த யூனிட்டில் இல்லாத சர்வரைத் தேடுகின்றன.

நீ எழுதியதில் எனக்குப் பிடித்தது ஒரு வரி: "டிநாட் ரூலிலும் எண் ஏறுகிறது, ஃபார்வர்ட் ரூலிலும் ஏறுகிறது, ஆனாலும் சாஃப்ட்வேர் கனெக்ட் ஆகவில்லை." ரூல்களைப் பட்டியலிடும்போது எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்க உனக்குத் தோன்றியிருக்கிறதே, அது பெரிய விஷயம். இந்த வேலையில் பல வருஷம் இருந்தவர்களே அதைப் பார்ப்பதில்லை. விடை கிட்டத்தட்ட அந்த வரியிலேயே இருக்கிறது.

ஆபீஸிலிருந்து கிளம்பிய பாக்கெட் யூனிட் பெட்டியின் பிபிபி0-க்கு வருகிறது. முதலில் நாட் டேபிளின் ப்ரீரௌட்டிங். அங்கேதான் உன் டிநாட் ரூலால் பொது முகவரி அழிந்து, பஞ்சிங் மெஷினின் 192.168.1.201 எழுதப்படுகிறது. பிறகு இது எனக்கா, கடத்திவிட வேண்டியதா என்று கெர்னல் தீர்மானிக்கிறது. ஐபி ஃபார்வர்ட் 0 என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. உன்னிடம் 1 இருக்கிறது. அடுத்தது ஃபார்வர்ட் செயின். அதற்குள் வரும்போது பாக்கெட்டின் முகவரி ஏற்கெனவே மாறிவிட்டது என்பதை மறக்காதே. வெளியே 14370 என்று வைத்து உள்ளே 4370-க்குத் திருப்பியிருந்தால், ஃபார்வர்டில் எழுத வேண்டியது 4370. முக்கால்வாசிப் பேர் சறுக்குகிற இடம் இதுதான். கடைசியாக போஸ்ட்ரௌட்டிங், உள் பக்கக் கார்டு, கேபிள்.

உன் கணக்குப்படி பாக்கெட் டிநாட்டைத் தாண்டியது, ஃபார்வர்டையும் தாண்டியது. அப்படியென்றால் ஸ்கிரிப்ட் தன் வேலையை முடித்துவிட்டது. டிநாட்டில் எண் ரொம்பக் குறைவாக ஏறுகிறது என்று வருத்தப்பட்டிருந்தாய். அது அப்படித்தான். ஒரு இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே நாட் டேபிளைக் கேட்கும், மற்றவை எல்லாம், இணைப்புகளைக் கண்காணிக்கிற கான்ட்ராக் நினைவில் வைத்திருக்கிற கணக்கின்படி போகும்.

நிட்டிங்கில் துணி பார்க்கிறவர்கள் செய்வதை நீயும் செய். துணி நெடுக ஒரே இடத்தில் கோடு விழுந்தால் ஊசியைப் பார்ப்பார்கள், குறுக்கே பட்டை விழுந்தால் நூலைப் பார்ப்பார்கள். யாரும் மெஷின் முழுவதையும் கழற்றுவதில்லை. உன் கோளாறு எப்போதும், எல்லா முயற்சியிலும், ஒரே மாதிரி வருகிறது. அப்படியானால் ஏதோ ஒன்று நிலையாகத் தவறாக வைக்கப்பட்டிருக்கிறது. சில நேரம் வந்து சில நேரம் வராமல் இருந்தால்தான் லைனையும் கேபிளையும் சந்தேகப்பட வேண்டும்.

இனி, போகிற வருகிற பாக்கெட்டைக் காட்டுகிற டிசிபிடம்ப். 1988 வாக்கில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதியது, இன்றைக்கும் இதை அடிக்க வேறு கருவி இல்லை. உள் பக்கக் கார்டில் அதை ஓட்டி, ஹோஸ்ட் 192.168.1.201 என்று மட்டும் வடிகட்டு. ஆபீஸிலிருந்து ஒருவரை கனெக்ட் கொடுக்கச் சொல். கேட்கிற பாக்கெட் போவது தெரியும், திரும்பி எதுவும் வராது என்று நினைக்கிறேன். கான்ட்ராக் பட்டியலைப் பார்த்தால் அந்த இணைப்புக்குப் பக்கத்தில் 'அன்ரிப்ளைட்' என்றே எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து கேட்டுக்குப் போய், பஞ்சிங் மெஷினின் மெனுவைத் திற. ஈதர்நெட் அமைப்பில் மூன்று வரி இருக்கும்: ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே. கேட்வேயில் 0.0.0.0 இருந்தால் ஆச்சரியப்படாதே.

கருவியைச் சுவரில் மாட்ட வந்த பையன் முதல் இரண்டு வரியைப் போட்டிருப்பான். 192.168.1.201 என்பதே கம்பெனியிலிருந்து வரும்போதே அதில் இருக்கிற முகவரி, அதைக்கூட அவன் தொட்டிருக்க மாட்டான். பக்கத்தில் இருந்த லேப்டாப்பிலிருந்து கனெக்ட் ஆனதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பான். அவன்மேல் குற்றமில்லை. ஒரே நெட்வொர்க்குக்குள் பேச கேட்வே தேவையே இல்லை. லினக்ஸ் பெட்டியிலிருந்து நீ பிங் போட்டபோது பதில் வந்ததும் அதனால்தான். 192.168.1.1 அதற்குப் பக்கத்து வீடு. ஆனால் ஆபீஸின் பொது முகவரியிலிருந்து கேள்வி வந்தால், பதிலை எந்த வழியாக அனுப்புவது என்று மெஷினுக்குத் தெரியாது, பேசாமல் இருந்துவிடும். பிங் வருகிறது, லேப்டாப்பில் கனெக்ட் ஆகிறது, ஆகவே மெஷின் சரி, ஃபயர்வால்தான் கோளாறு என்று எல்லோரும் உன் பக்கம் கையைக் காட்டியிருப்பார்கள்.

கேட்வேயில் 192.168.1.1 போட்டு மெஷினை ஒருமுறை அணைத்து எழுப்பு. மெனுவின் பாஸ்வேர்ட் யாரிடமும் இல்லை என்றால் மாற்று வழி ஒன்று உண்டு. போஸ்ட்ரௌட்டிங்கில், 201-க்குப் போகிற பாக்கெட்டுக்கு மட்டும் மாஸ்கரேட் ரூல் ஒன்று சேர். கேட்பது பக்கத்திலிருக்கிற பெட்டிதான் என்று நினைத்து மெஷின் பதில் சொல்லிவிடும். இந்த வித்தையை ஈஆர்பி சர்வருக்குச் செய்துவிடாதே. யார் எங்கிருந்து உள்ளே வந்தாலும் சர்வரின் பதிவில் 192.168.1.1 என்றே விழும், பிறகு ஒரு தப்பு நடந்தால் ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொரு சமயம் டிநாட்டிலேயே எண் ஏறாமல் நின்றால், ரூலில் டிசிபி என்று இருக்கிறதா என்று பார். இந்த வகை மெஷின்களில் பழையவை 4370-இல் யுடிபி பேசும், புதியவை டிசிபி. மெஷினை மாற்றிவிட்டு ரூலை மாற்றாமல் விடுவது வழக்கமாக நடப்பது. யுடிபியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரூலைச் சரியாகத் திருத்தியிருப்பாய், ஆனாலும் பாக்கெட் பழைய இடத்துக்கே போகும். பதில் வராத யுடிபி இணைப்பை கான்ட்ராக் 30 விநாடி வைத்திருக்கும். உன் சாஃப்ட்வேர் அதற்குள் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருந்தால் பழைய கணக்கு சாகவே சாகாது, நாட் டேபிளை யாரும் புதிதாகக் கேட்க மாட்டார்கள். கான்ட்ராக் கட்டளையால் அந்தப் பதிவை நீயே நீக்க வேண்டும். இது தெரியாமல் சரியான ரூலை அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யூனிட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு யூனிட்டின் பொது முகவரியைப் போட்டுச் சோதிக்காதே. உன் ரூல் பிபிபி0 வழியாக வருவதை மட்டுமே பிடிக்கும். அதைத் தளர்த்தினாலும், பதில் பெட்டியைத் தொடாமல் நேராக லேப்டாப்புக்கு வரும். நான் பேசியது வேறு முகவரியோடு என்று லேப்டாப் அதைத் தள்ளிவிடும். வைஃபையை அணைத்துவிட்டு போன் டேட்டாவில் சோதி.

மூன்றாமவர் ஒட்டிய பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிஜெக்ட் வரிக்குக் கீழே ஃபார்வர்ட் அனுமதியைச் சேர்த்தால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். க்ரானில் ஓடும்போது மட்டும் ஸ்கிரிப்ட் தோற்றால், ஐபிடேபிள்ஸ் இருக்கிற எஸ்பின் அடைவு க்ரானின் பாத்தில் இல்லை என்று அர்த்தம், முழுப் பாதையை எழுது. நோட்பேடில் திருத்திக் கொண்டுவந்த கோப்பில் ஒவ்வொரு வரிக்கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், பேஷ் அதைப் பார்த்து உளறும். பெட்டி எழும்போது பிபிபி0 எழுவதற்கு முன்னால் ஸ்கிரிப்ட் ஓடினால் முகவரியை வைத்திருக்கிற வேரியபிள் காலியாக இருக்கும். அதனால் முகவரியை வைத்து ரூல் எழுதாமல் இன்டர்ஃபேஸ் பெயரை வைத்து எழுது. டெபியன் 10-இலிருந்து ஐபிடேபிள்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் வேலை செய்வது என்எஃப்டேபிள்ஸ். பழைய லெகசி கருவியால் யாராவது போட்ட ரூல் உன் பட்டியலில் தெரியாது, ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும். எதிர்காலத்தில் அந்தப் பெட்டியில் டாக்கர் போட்டால் அது ஃபார்வர்டின் பொதுக்கொள்கையை ட்ராப் ஆக்கிவிடக்கூடும். அன்றைக்கு இந்தக் கடிதத்தை மறுபடி எடு.

இன்னொன்று. எண்கள் எல்லாம் சரி, கனெக்ட் ஆகிறது, ஆனால் அன்றைய பஞ்ச் மட்டும் வந்து மாத முழுப் பதிவு இழுக்கும்போது தொங்கிவிடுகிறது என்றால், பிபிபிஓஇ லைனில் ஒரு பாக்கெட்டுக்கு 1500-க்குப் பதில் 1492 பைட்தான் இடம் என்பதை நினை. எம்எஸ்எஸ் அளவைச் சுருக்கும் ரூல் ஒன்று ஃபார்வர்டில் வேண்டும். உன் ஸ்கிரிப்டில் இரண்டாவது ஆள் அதை எழுதிவைத்திருக்கிறார். நல்ல ஆள்.

ஆபீஸில் இருந்துகொண்டே யூனிட் பெட்டியின் ரூல்களை மாற்றும்போது, எல்லாவற்றையும் துடைக்கிற கட்டளையை வெறுமனே அடித்துவிடாதே. இன்புட்டின் பொதுக்கொள்கை ட்ராப் என்றிருந்தால், துடைத்த மறுகணம் உன் இணைப்பும் போய்விடும். அப்புறம் சாயந்திர நேரத்து மங்கலம் ரோட்டில் வண்டியில் ஊர்ந்து போய்த்தான் சரிசெய்ய வேண்டும். ஐபிடேபிள்ஸ்-சேவ் கொண்டு பிரதி எடுத்து, ஐபிடேபிள்ஸ்-அப்ளை வழியாக மாற்று. நீ குறித்த நேரத்துக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அது பழையதைத் தானே திரும்பப் போட்டுவிடும்.

இனி உனக்குப் பிடிக்காத பகுதி. வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு அப்படியே விட்டுவிட்டால் நான் கோபப்படுவேன். ஒரு பஞ்சிங் மெஷினை உலகம் முழுவதற்கும் திறந்து வைத்திருக்கிறீர்கள். அதன் தற்காப்பெல்லாம் ஒரு எண் பாஸ்வேர்ட், அதையும் பலர் 0 என்றே விட்டுவைத்திருக்கிறார்கள். 2024 ஜூனில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் ஒரு பிரபல நிறுவனத்தின் பயோமெட்ரிக் கருவிகளில் 24 ஓட்டைகளை வெளியிட்டார்கள். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது எதை வைத்து? கடையில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை வைத்து. உங்கள் யூனிட்டில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளைகளின் கைரேகைப் பதிவும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பாஸ்வேர்ட் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை என்ன செய்வது?

அதனால் நாளைக்கே டிநாட் ரூலில், ஆபீஸின் நிலையான முகவரியிலிருந்து வந்தால் மட்டும் என்று ஒரு நிபந்தனை சேர். அதை எழுத ஒரு நிமிஷம் போதும். கூடவே ஸ்கிரிப்டின் அடியில் 3389-க்கு ஒரு வரி கிடப்பதையும் பார்த்தேன். அக்கவுண்ட்ஸ்காரர் வீட்டிலிருந்து டாலி பார்க்கத் திறந்ததாக இருக்கும். 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தது இந்த ரிமோட் டெஸ்க்டாப் சேவையில்தான். அதை முதலில் மூடு. அவர் கத்தினால் கத்தட்டும். ஃபயர்வால் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்றும் முதலாளியிடம் கேள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவில் கம்பெனிகள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. செலவு கேட்கும்போது இந்த வரியைக் காட்டு, வேலை நடக்கும்.

நிரந்தரத் தீர்வு வயர்கார்டு என்ற விபிஎன். 2020 மார்ச்சில் 5.6 கெர்னலோடு லினக்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆபீஸில் 51820 யுடிபி ஒன்று மட்டும் திறந்திருக்கும், சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே வராது. யூனிட்டில் எதையும் திறக்க வேண்டியதில்லை, யூனிட் பெட்டியே ஆபீஸுக்கு வந்து இணைந்துகொள்ளும். பெருமாநல்லூரில் புது யூனிட் போடுகிறார்கள் என்றாயே, அங்கே இது கட்டாயம் தேவைப்படும். பெட்டியின் பிபிபி0-இல் 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் ஏதாவது முகவரி வந்திருந்தால், அது பொது முகவரியே இல்லை. ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைப்பதற்கு 2012-இல் ஒதுக்கிய இடம் அது. அங்கே எந்த ஸ்கிரிப்ட் எழுதினாலும் வெளியிலிருந்து ஒரு பாக்கெட்கூட வராது, டிநாட்டில் எண் 0 என்றே நிற்கும். நிலையான முகவரிக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வயர்கார்டு. வயர்கார்டில் 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்ச்செய்தி அனுப்பும்படி யூனிட் பக்கம் வைத்துவிடு. எதைப் போட்டாலும் பஞ்சிங் மெஷினில் கேட்வே சரியாக இருக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதே.

பன்னிரண்டாவது முடித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததே, உங்க பேட்ச்சில் அதைத் திறந்து பார்த்த ஒரே ஆள் நீதான் என்று உங்கம்மா இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததைவிட உனக்கு இப்போது சோறு போடுவது அதுதான் என்பது என் அபிப்பிராயம். உங்கம்மாவிடம் சொல்லாதே, கல்லூரிக்கு அவள் கட்டிய பீஸ் கொஞ்சமில்லை.

இந்த வாரம் கேட்வேயையும் முகவரி நிபந்தனையையும் முடி, 3389-ஐ மூடு. ஷிப்மென்ட் போகும்வரை வயர்கார்டைத் தொடாதே, மெர்ச்சன்டைசர்கள் உன்னைக் கொன்றுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து ஒருமுறை முழுப் பதிவையும் இழுத்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல். ஆகவில்லை என்றால் டிசிபிடம்ப் காட்டியதை அப்படியே அனுப்பு, ஸ்கிரிப்டை அனுப்பாதே. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஒரு டின் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், பழைய பஸ் ஸ்டாண்டில் அப்பாவை வாங்கிக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
மாமா